முத்துமாலை பெற்ற பிறகும் மாணவர்!

மதுரை மீனாட்சியம்மன் தன் கையாலேயே முத்துமாலை சூட்டி மகிழ்ந்த புலவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஸ்ரீகுமரகுருபர சுவாமிகள். நவராத்திரி நாட்களில் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து நம் வீட்டுக் குழந்தைகள் பாடுகிறார்களே, சகலகலாவல்லி மாலை... அதை அருளியவரும் இவரே.

அம்பிகையே நேரில் வந்து பரிசு கொடுத்துவிட்டாள். நாடாளும் ராஜாவோ கைகூப்பி நிற்கிறார். வேறொருவராக இருந்தால், இனி நமக்குக் கற்க என்ன இருக்கிறது என்று அரண்மனையிலேயே தங்கியிருப்பார். குமரகுருபரரோ மாலை வாங்கிய பிறகுதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு குருவைத் தேடிப் புறப்பட்டார். அதற்குப் பிறகும் இலக்கணத்தில் உழைத்தார். ஊர் விட்டு ஊர் போய், தமிழே வழங்காத காசியில் ஒரு புது மொழியைக் கற்றுக்கொண்டார்.

பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் வெளியூருக்கும் போனபின், இந்த வயதில் நமக்கு என்ன படிப்பு வேண்டியிருக்கிறது என்று தயங்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர். அவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சரிதம் இது.

செந்தூரில் மலர்ந்த பேச்சு

தாமிரபரணிக் கரையில் உள்ள தலம் ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதிகளில் முதலாவதாகவும், நவகயிலாயங்களில் சனி பகவானுக்கு உரியதாகவும் போற்றப்படும் ஊர். 17ஆம் நூற்றாண்டில் அங்கே சண்முகசிகாமணிக் கவிராயர், சிவகாமசுந்தரி அம்மை என்ற தம்பதி வாழ்ந்தார்கள். முருக பக்தியில் ஊறிய குடும்பம். அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குமரன் பெயரையே வைத்தார்கள்.

குழந்தை தவழ்ந்தது, நடந்தது, ஓடியது. ஆனால் பேசவில்லை. ஒன்று, இரண்டு என்று ஐந்து வயதும் ஆகிவிட்டது. அப்பா கவிராயர், வீடெல்லாம் தமிழ். பிள்ளை வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வரவில்லை! அம்மா என்று அழைப்பதைக் கேட்க அந்தத் தாய் எத்தனை நாள் காத்திருந்திருப்பாள்!

இனி செந்தில் ஆண்டவனே கதி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் போனார்கள். கடலில் நீராடி, சந்நிதியிலேயே தங்கி ஒரு மண்டலம் விரதம் இருந்தார்கள். விரதம் முடியும் வேளையில் முருகப்பெருமான் அர்ச்சகர் வடிவில் வந்து, கையில் இருந்த மலரைக் காட்டி இது என்ன என்று குழந்தையிடம் கேட்டாராம். பூ என்று பிள்ளை வாய் திறந்ததாம். அந்தச் சொல்லையே முதலாகக் கொண்டு கந்தர் கலிவெண்பாவைப் பாடியதாகச் சொல்வார்கள். கந்தபுராணத்தின் சாரத்தையும் சைவ சித்தாந்தத்தின் நுட்பத்தையும் சேர்த்துச் சொல்லும் நூல் அது. குட்டிக் கந்தபுராணம் என்றே அதைப் போற்றுகிறார்கள். இன்றும் சஷ்டி நாட்களில் பாராயணம் செய்கிறார்கள்.

இத்துடன் முருகன் ஒரு குறிப்பும் கொடுத்தானாம். எவர் முன்னால் உன் வாக்குத் தடைபட்டு நிற்கிறதோ, அவரே உன் குரு என்பது அந்தக் குறிப்பு. பேச்சைக் கொடுத்தவனே, பேச்சு நிற்கும் இடத்தையும் அடையாளமாகச் சொல்லி அனுப்பினான். இது பின்னால் வரப்போகிறது, மறந்துவிடாதீர்கள்.

வைகைக் கரையில்...

பிள்ளை வளர்ந்தான். தமிழ் நூல்களையும் சைவ நூல்களையும் ஆழ்ந்து கற்றான். தல யாத்திரையாகப் புறப்பட்டு மதுரைக்கு வந்து சேர்ந்தார் குமரகுருபரர்.

அப்போது மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை அவருடைய காலம். திருச்சியில் இருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றியவர், மகாலைக் கட்டியவர், கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தை எழுப்பியவர், வண்டியூர் தெப்பக்குளத்தை வெட்டியவர். மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தை அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையோடு சேர்த்தவரும் அவரே என்பார்கள். அவருடைய தாய்மொழி தெலுங்கு. ஆனால் தமிழ்ப் புலவர்களைக் கொண்டாடினார்.

இப்படி ஊரே விழாவும் திருப்பணியுமாக இருந்த நேரத்தில் மதுரைக்கு வந்த குமரகுருபரர், அம்பிகையைத் தரிசித்தார். உள்ளம் உருகியது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பிறந்தது.

பிள்ளைத்தமிழ் என்றால் என்ன? தெய்வத்தையே மடியில் கிடக்கும் குழந்தையாக நினைத்துப் பாடுவது. மொத்தம் பத்துப் பருவங்கள். குழந்தையைக் காக்க வேண்டும் என்று தெய்வங்களை வேண்டுவது காப்பு. ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுமே குழந்தை, அது செங்கீரை. அடுத்துத் தாலாட்டு. இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டச் சொல்வது சப்பாணி. பிறகு முத்தம் கேட்பது. தத்தித் தத்தி நடந்து வா என்று கூப்பிடுவது வருகை. நிலாவைக் கூப்பிடுவது அம்புலி. பெண் குழந்தையானால் கடைசி மூன்றும் அம்மானை ஆடுவது, ஆற்றில் நீராடுவது, ஊஞ்சல் ஆடுவது.

குழந்தை வளர்த்த எந்தத் தாய்க்கும் இந்தப் பருவங்கள் தெரியும். நாம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவைதானே! ஐந்து வயது வரை தன் தாயை வாய் திறந்து அழைக்க முடியாமல் இருந்த பிள்ளை, உலகத்துக்கே தாயானவளைக் குழந்தையாக்கித் தாலாட்டினார். வைகையில் அவளை நீராட விட்டு வேடிக்கை பார்த்தார்.

அம்பிகை வந்தாள்

மீனாட்சி சந்நிதியில் அரங்கேற்றம் நடந்தது. திருமலை நாயக்கர் முன்னால் அமர்ந்திருந்தார். சுற்றிலும் புலவர்கள், பக்தர்கள். ஒவ்வொரு பருவமாகப் பாடிப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார் குமரகுருபரர்.

வருகைப் பருவம் வந்தது. அம்பிகையை வா, வா என்று உருகி அழைக்கும் பாடல்கள். அப்போது கோயில் பட்டரின் மகளைப் போல ஒரு சின்னஞ்சிறு பெண் குழந்தை, பாவாடையும் சலங்கையுமாக ஓடி வந்தது. நேராகப் போய் மன்னர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவரும் கொஞ்சியபடியே பாட்டைக் கேட்டார். பாட்டு முடியும் தருவாயில், மன்னர் கழுத்தில் இருந்த முத்துமாலையைக் குழந்தை கழற்றியது. குடுகுடுவென்று ஓடிப்போய்க் குமரகுருபரர் கழுத்தில் போட்டது. அடுத்த கணம் குழந்தையைக் காணோம்!

வந்தவள் யார் என்பது புரிந்தபோது சபையே மெய்சிலிர்த்து நின்றது. மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் அற்புதம் இது.

ஒரே ஊர், ஐந்து நூல்கள்

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிப் பெரும்பெயர் வந்துவிட்டது. இனி அதே வகையில் பாடிக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் மதுரையில் அவர் செய்த மற்ற நூல்களைப் பாருங்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வரும்படி, இரண்டு நிற மணிகளைக் கோத்த மாலை போல மீனாட்சியம்மை இரட்டைமணிமாலை. மலையில் திரியும் குறத்தி கையைப் பிடித்துக் குறி சொல்வது போல மீனாட்சியம்மை குறம். பலவகைப் பூக்களைச் சேர்த்துக் கட்டிய கதம்பம் போல, பலவகைப் பாக்களால் சொக்கநாதருக்கு மதுரைக் கலம்பகம்.

நாலு விதமான கோலம் தெரிந்தவர்கள் ஐந்தாவதாக ஒன்றைக் கண்டால் உடனே நோட்டில் வரைந்து வைத்துக்கொள்வார்களே, அந்த ஆசை இவருக்குத் தமிழில் இருந்தது.

மன்னருக்கும் ஓர் ஆசை வந்தது. திருக்குறளின் பொருளைச் சுருக்கி, நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக ஒரு நீதி நூல் வேண்டும் என்று கேட்டாராம். அப்படிப் பிறந்தது நீதிநெறி விளக்கம். 102 வெண்பாக்கள். செல்வமும் இளமையும் நிலையில்லாதவை என்று வாழ்த்தில் சொல்லிவிட்டு, நூலைத் தொடங்கும்போது அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? கல்விதான். ராஜாவுக்குச் சொல்லும் நீதியில் படைபலமும் கஜானாவும் பின்னால் வர, படிப்பு முன்னால் நிற்கிறது.

அந்த நூலில் ஓர் அருமையான யோசனை இருக்கிறது. பொருள் விஷயத்தில் நம்மைவிடக் குறைந்தவர்களைப் பார்க்க வேண்டுமாம். நமக்கு இருப்பதே எவ்வளவு அதிகம் என்று மனம் நிறையும். கல்வி விஷயத்தில் நம்மைவிட அதிகம் கற்றவர்களைப் பார்க்க வேண்டுமாம். நாம் கற்றது எம்மாத்திரம் என்று கர்வம் கரையும். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அடுத்த வீட்டு நகையைப் பார்த்து ஏங்குகிறோம். தெரிந்த நாலு விஷயத்தில் திருப்திப்பட்டு விடுகிறோம்.

மன்னருக்கு எழுதிக் கொடுத்த இந்த அறிவுரை, சீக்கிரமே எழுதியவருக்கே பரீட்சையாக வந்தது.

வாயடைத்துப் போன இடம்

மதுரையில் இருந்து புறப்பட்ட குமரகுருபரர், திருவாரூர் சென்று தியாகேசரைப் பாடினார். பிறகு மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள தருமபுரம் வந்து சேர்ந்தார். அங்கே ஆதீனத்தின் நான்காவது குருமகா சந்நிதானமாக மாசிலாமணி தேசிகர் எழுந்தருளி இருந்தார்.

வந்திருப்பவர் சாதாரணப் புலவர் இல்லை. மதுரையில் அம்பிகையே மாலை சூட்டியவர். தேசிகர் அவரிடம் பெரியபுராணத்தில் ஒரு பாடலுக்குப் பொருள் கேட்டார். தில்லையில் நடராஜப் பெருமானைச் சுந்தரர் தரிசித்தபோது, ஐந்து புலன்களும் கண்ணாகவே ஆகிவிட்ட நிலையைச் சேக்கிழார் சொல்லும் பாடல் அது.

சொல்லுக்குச் சொல் அர்த்தம் குமரகுருபரருக்குத் தெரியும். ஆனால் தேசிகர் கேட்டது அகராதி அர்த்தம் இல்லை. அந்த அனுபவம் எப்படிப்பட்டது என்று கேட்டார். சமையல் குறிப்பை மனப்பாடமாக ஒப்பிக்கலாம், சாப்பிட்டவர்தானே ருசியைச் சொல்ல முடியும்? குமரகுருபரருக்குப் பதில் வரவில்லை. வாக்குத் தடைபட்டு நின்றது.

ஐந்து வயது வரை ஊமையாக இருந்தவர், புகழின் உச்சியில் மறுபடியும் ஊமையானார்!

வேறு யாராவது என்றால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். அல்லது, ராஜாவே மதித்த என்னிடம் சபையில் இப்படிக் கேட்கலாமா என்று கோபித்திருப்பார்கள். குமரகுருபரருக்கோ செந்தூர் முருகன் சொன்ன அடையாளம் நினைவுக்கு வந்தது. தேடி வந்த குரு இவரே என்று காலில் விழுந்தார். முத்துமாலை வாங்கிய கழுத்து, மாணவனாகக் குனிந்தது.

தில்லையில் ஒரு பாடநூல்

துறவு அருள வேண்டும் என்று அவர் கேட்க, முதலில் காசி யாத்திரை போய்வரச் சொன்னார் குருநாதர். காசி தொலைதூரம், அதுவரை குருவைப் பிரிந்திருக்க வேண்டுமே என்று தயங்கினார் சீடர். அப்படியானால் சிதம்பரத்தில் சில காலம் தங்கி வா என்று உத்தரவானது.

வழியில் வைத்தீஸ்வரன்கோயிலில் செல்வமுத்துக்குமாரர் மீது ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். சிதம்பரத்தில் தங்கியபோது அவர் செய்த வேலை ஆச்சரியமானது. கவிதை எழுதும் இலக்கணத்தைச் சொல்லும் யாப்பருங்கலக்காரிகையை மாணவர்கள் அந்தக் காலத்தில் விரும்பிப் படித்தார்கள். அதில் வரும் உதாரணப் பாடல்கள் சைவ சமயச் சார்பு உடையவையாக இல்லையே என்று அங்கிருந்தவர்கள் குறைப்பட்டார்கள். உடனே ஒவ்வொரு பா வகைக்கும், அதன் உட்பிரிவுகளுக்கும் நடராஜப் பெருமானைப் பாடியே உதாரணம் செய்து கொடுத்தார். அதுதான் சிதம்பரச் செய்யுட்கோவை.

யோசித்துப் பாருங்கள். பெரிய கவிஞர் என்று பெயர் எடுத்தபின், மாணவர்களுக்காக இலக்கணத்தை அடிப்படையில் இருந்து மறுபடி ஒருமுறை புரட்டியிருக்கிறார். பாடுவது அவருக்கு வரம். ஆனாலும் அடிப்படையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

பிறகு தருமபுரம் திரும்பித் துறவு பெற்றார். குருவின் மீது பண்டார மும்மணிக்கோவை பாடினார். காசிக்குப் புறப்பட்டார்.

காசியில் புது மொழி

இன்று ரயிலில் போனாலே தமிழ்நாட்டில் இருந்து காசிக்கு இரண்டு நாள் ஆகிறது. அன்றைய யாத்திரை எப்படி இருந்திருக்கும்!

காசியில் சைவம் தழைக்க ஒரு மடம் வேண்டும், தென்னாட்டில் இருந்து வருபவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது சுவாமிகளின் எண்ணம். அதற்கு அங்கே ஆட்சி செய்த பாதுஷாவின் அனுமதி வேண்டும். சபைக்குப் போனார். அங்கேதான் சிக்கல். சபையில் பேசுவது இந்துஸ்தானி. சுவாமிகளுக்கு அது தெரியாது. தமிழில் கடல் போன்ற புலமை, ஆனால் அங்கே ஒரு வார்த்தை பேச வழியில்லை. வாழ்க்கையில் மூன்றாவது முறையாக அவர் பேச்சிழந்து நின்றார்!

மொழிபெயர்க்க ஓர் ஆளைத் தேடியிருக்கலாம். ஊருக்கே திரும்பியிருக்கலாம். சுவாமிகள் சரஸ்வதி தேவியின் பாதத்தைப் பிடித்தார். பத்துப் பாடல்கள் பாடினார். அதுதான் சகலகலாவல்லி மாலை. அந்தப் பாடல்களில் அவர் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. இசை, பரதம், கல்வி, நல்ல வாக்கு, நினைவாற்றல், கவி பாடும் திறன் என்று கற்கும் விஷயங்களாகவே கேட்டார். கற்றுத் தேர்ந்த ஒருவர், முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் குழந்தையைப் போலக் கேட்டிருக்கிறார்.

கலைமகள் அருளால் இந்துஸ்தானி கைவந்தது. சுவாமிகள் சிங்கத்தின் மீது அமர்ந்து பாதுஷாவின் சபைக்குப் போனார் என்றும், அவர் மொழியிலேயே பேசி வியக்க வைத்தார் என்றும் சொல்வார்கள். கங்கைக் கரையில், கேதார கட்டத்தில் இடம் கிடைத்தது. குமாரசாமி மடம் எழுந்தது. கேதாரேஸ்வரர் கோயிலில் வழிபாடு சிறக்கவும் சுவாமிகளே காரணம். அங்கே புராணங்களையும் கம்பராமாயணத்தையும் இந்துஸ்தானியில் பிரசங்கம் செய்தார் என்பதும் மரபுச் செய்தி. தாமிரபரணிக் கரையில் பேசாமல் இருந்த குழந்தை, கங்கைக் கரையில் வேறொரு மொழியில் கம்பரைச் சொன்னது!

காசிக் கலம்பகமும் பாடினார். ஒருமுறை தருமபுரம் வந்து குருவைத் தரிசித்துவிட்டுத் திரும்பிய சுவாமிகள், காசியிலேயே சிவபதம் அடைந்தார். வைகாசி மாதத்தில் அவருக்குக் குருபூஜை நடக்கிறது.

பின்னால் அந்த மடத்தின் வழிவந்தவர்கள் கும்பகோணத்துக்கு அருகே திருப்பனந்தாளில் காசி மடத்தை அமைத்தார்கள். சுவாமிகளின் நூல்களை எல்லாம் சேர்த்து, 1939ஆம் ஆண்டில் அந்த மடத்தின் ஆதரவில் பதிப்பித்தவர் யார் தெரியுமா? உ.வே.சாமிநாதையர். அப்போது அவருக்கு 84 வயது! சலிக்காமல் கற்ற ஒருவரின் நூல்கள், அதே போன்ற இன்னொருவர் கையால் அச்சேறின.

மூன்று மௌனங்கள்

குமரகுருபரர் வாழ்க்கையில் மூன்று மௌனங்கள். முதல் மௌனம் திருச்செந்தூரில் கலைந்தது. அது குழந்தைக்குக் கிடைத்த வரம். அவர் செய்தது எதுவும் இல்லை. தருமபுரத்திலும் காசியிலும் நேர்ந்த மௌனங்கள் அப்படி இல்லை. எனக்கு இது தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டார். அதனால் ஒரு மௌனத்தில் இருந்து குரு கிடைத்தார். இன்னொன்றில் இருந்து சகலகலாவல்லி மாலை கிடைத்தது.

நமக்கும் தெரியாதவை நிறைய இருக்கின்றன. பேத்தி பேசும் இங்கிலீஷ், செல்போனில் பணம் அனுப்பும் முறை, சின்ன வயதில் பாதியில் விட்ட பாட்டு அல்லது வீணை, தினமும் சொல்லும் ஸ்லோகத்தின் அர்த்தம்... தெரியாது என்று சொல்வதற்கு வெட்கப்பட்டு எத்தனையோ வருடங்களைக் கடத்திவிடுகிறோம். தெரிந்தவர் பத்து வயதுப் பேத்தியாக இருந்தாலும், அந்த நேரத்துக்கு அவளே நமக்கு குரு. வீட்டு வேலைக்கு நடுவே தினமும் அரைமணி நேரம் போதும். அம்மா எதையாவது ஆர்வமாகக் கற்றுக்கொள்கிற வீட்டில், பிள்ளைகளைப் படி படி என்று அதட்ட வேண்டிய அவசியம் அதிகம் வராது.

பாராயணம் செய்யுங்கள்

சகலகலாவல்லி மாலையில் உள்ளவை பத்தே பாடல்கள். நவராத்திரி முதல் நாள் ஒரு பாடல், அடுத்த நாள் அடுத்த பாடல் என்று பொருளோடு மனப்பாடம் செய்தால், விஜயதசமி அன்று பத்தாவது பாடலும் வந்துவிடும். அன்று காலையில் பத்தையும் சேர்த்துப் பாடி, சரஸ்வதிக்கு வெண்தாமரை அல்லது ஏதேனும் வெள்ளை மலர் சாத்தி, கற்க நினைத்த புது விஷயத்தைத் தொடங்குங்கள். இலங்கைத் தமிழர்களும் தங்கள் பள்ளிக்கூடங்களில் நவராத்திரிக்கு இதைப் பாடுகிறார்கள். குழந்தைகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு பாடுவது இன்னும் விசேஷம்.

மதுரைக்குப் போகும்போது மீனாட்சி சந்நிதியில் ஒரு நிமிடம் அதிகமாக நில்லுங்கள். பாவாடையும் சலங்கையுமாக ஓடி வந்த குழந்தையை மனதில் நினைத்து, மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் தெரிந்த ஒரு பாடலைப் பாடுங்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை, ஊருக்குத் திரும்பும்போது புத்தகம் ஒன்றை வாங்கி வந்து கற்றுக்கொண்டு, அடுத்த முறை வந்து பாடுங்கள்.